செவ்வாயில் புழு பூச்சியில்லை! தோஷம் மாத்திரம் எப்படி வந்தது?

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. இந்திரலிங்கம், அக்கினிலிங்கம், எமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம், வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசானியலிங்கம் என்பவை அவை. திசைக்கு ஒருவராக எட்டுக் காவல்காரர்களின் பெயர்கள் என்பது பார்த்தவுடனே விளங்கும். இந்த எட்டுக்கும் கிரகங்களையும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கின்றார்கள். அக்கினிலிங்கத்துக்குச் சந்திரனாம். எமலிங்கத்துக்குச் செவ்வாயாம். வருணலிங்கத்துக்குச் சனியாம். குபேரலிங்கத்துக்கு வியாழனாம். லிங்கம் எட்டு, கிரகம் ஒன்பது என்று கணக்கு இடிக்கவே, சூரியனையும் சுக்கிரனையும் சேர்த்து இந்திரலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே, பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டால் சூரிய குடும்பம் முழுவதையும் சுற்றி முடித்ததாகக் கணக்கு.

நடக்கிறவர்கள் நடக்கட்டும். 14 கிலோமீட்டர் நடப்பது தேகத்துக்கு நல்லதே தவிரக் கெடுதலல்ல. அதற்கு லிங்கம் ஒரு சாக்கு என்றால் நமக்கு அதில் ஆட்சேபணையில்லை. நாம் எழுதப் புகுந்தது எமலிங்கத்துக்கு ஒதுக்கப்பட்ட கிரகத்தைப்பற்றியே யாகும். ஏனெனில், மற்றக் கிரகங்களெல்லாம் மனிதனுடைய காசைத்தான் பிடுங்குகின்றன. இந்தச் செவ்வாயோ பெண்களின் வாழ்வையே பிடுங்குகின்றது. ஜாதகத்தில் செவ்வாய் இன்ன கட்டத்தில் நிற்கின்றது என்று ஒரு ஜோசியன் சொல்லிவிட்டால் போதும்; அந்தப் பெண் படித்திருந்தாலும், சம்பாதித்தாலும், எவ்வளவு குணசாலியாயிருந்தாலும், "இன்னும் அமையவில்லை" என்கின்ற ஒரே வார்த்தையோடு முப்பது வயதுக்கு மேலும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதாகின்றது. தப்பித் தவறிக் கலியாணம் நடந்து, புருஷன் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தாலும், குடித்துக் குடல் வெந்து செத்தாலும் பழி செவ்வாயின் மேல்; அதாவது அவள் மேல். வாழைமரத்தை மாப்பிள்ளையாக்கித் தாலி கட்டச் செய்து, பிறகு அந்த மாப்பிள்ளையை வெட்டிச் சாய்த்து, "தோஷம் கழிந்தது, தட்சிணை வை" என்கின்ற கூத்தும் இந்த நாட்டில் நடக்கின்றது. ஆணுக்கும் இந்தத் தோஷம் உண்டென்றுதான் ஜோசிய சாஸ்திரம் சொல்லுகின்றது. ஆனால் பெண்டாட்டி செத்த ஆணைப் பார்த்து ஊரார் "ஐயோ பாவம்" என்று சொல்லி, கருமாதி முடிந்த கையோடு அடுத்த பெண்ணைப் பார்க்கின்றார்கள்.

இப்படி நம்முடைய பெண்களை ஆட்டி வைக்கின்ற செவ்வாய் என்பது யார்? அங்கே கோபித்துக்கொள்ளவாவது, தயவு காட்டவாவது எதாவது ஒரு உயிர் உண்டா? இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஆகாயத்தில் உயிரோடிருப்பதற்கு வேண்டியது என்ன என்பதற்கும் திருவண்ணாமலையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊர் ஸ்தலபுராணத்திலேயே ஓர் ஆகாயப் பிரயாணம் இருக்கின்றது. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை வந்ததாம். சிவன் நெருப்புத் தூணாக நின்றாராம். விஷ்ணு பன்றியாகி அடியைத் தோண்டினாராம். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தாராம். எவ்வளவு பறந்தும் முடி தென்படவில்லை. வழியில் விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைப் பிடித்துப் பொய்ச் சாட்சி சொல்ல வைத்து, "கண்டேன்" என்று வந்து சொன்னாராம். நாலு வேதத்தை நாலு வாயில் வைத்திருக்கின்றவர், முதல் ஆகாயப் பிரயாணத்திலேயே பொய்க் கணக்கோடு திரும்பியிருக்கின்றார். போகாத ஊருக்குப் பிரயாணப்படி எழுதுகின்ற உத்தியோகஸ்தர்களுக்கெல்லாம் இவரே ஆதிகுரு போலும்! அந்த நெருப்புத்தான் குளிர்ந்து மலையாயிற்று என்கின்றார்கள். மலையின் உயரம் 2,668 அடி. பிரம்மா காணாத அந்த முடிக்குப் பருவதராஜகுலத்துத் தோழர்கள் வருஷந்தோறும் கொப்பரையையும் நெய்யையும் தோளில் சுமந்துகொண்டு ஏறி இறங்குகின்றார்கள்.

புராணக்காரனுக்கு ஒரு சின்ன விஷயம் தெரியாது. அன்னம் பறக்க வேண்டுமானால் இறக்கைக்குக் கீழே காற்று வேண்டும். இமயமலையைத் தாண்டி நம் திருநெல்வேலிச் சீமை கூந்தன்குளத்துக்கு வந்துபோகின்ற வரித்தலை வாத்துகள், பறவைகளில் மிக உயரமாகப் பறப்பவற்றைச் சேர்ந்தவை. அவையும் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்திலேதான் பறந்ததாக அளந்திருக்கின்றார்கள். 19 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால், காற்றின் அழுத்தம் குறைந்து, மனித உடம்பின் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். 19 கிலோமீட்டர் என்பது என்ன? கிரிவலப் பாதையை நிமிர்த்தி வைத்தால் ஒன்றரைச் சுற்றுக்குக்கூடக் காணாது. அவ்வளவு கிட்டத்திலேயே நம்முடைய உயிருக்கு எல்லை போட்டிருக்கின்றது. அதற்கு மேலே இருப்பதாகச் சொல்லப்படும் சுவர்க்கலோகம், சத்தியலோகம், வைகுண்டம், கைலாசம் ஆகியவற்றில் தேவர்கள் எதை மூச்சு விடுகின்றார்கள் என்று கேட்டால், அது நாஸ்திகக் கேள்வியாம்.

மனிதன் இந்த எல்லையைத் தாண்டினான். எப்படித் தாண்டினான்? தவம் செய்தல்ல. 1961 ஏப்ரல் 12ந்தேதி ருஷ்யாவின் யூரி ககாரின், ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன், தானும் வார்ப்படத் தொழில் படித்தவன், 108 நிமிஷப் பிரயாணத்தில் பூமியைச் சுற்றி வந்தான். அவன் அன்னமாக மாறவில்லை. அழுத்தம் குறையாத உடுப்பைப் போட்டுக்கொண்டு, பூமியின் காற்றைக் கூண்டில் அடைத்து எடுத்துக்கொண்டு போனான். 1969 முதல் 1972க்குள் அமெரிக்கர் 12 பேர் சந்திரனில் நடந்தார்கள். அவர்கள் சாட்சிக்குத் தாழம்பூவைக் கூட்டி வரவில்லை. 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டு வந்தார்கள். யார் வேண்டுமானாலும் உரைத்துப் பார்க்கலாம். நம் தேசத்து ராகேஷ் சர்மா 1984ல் போய்வந்தார். சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலையில் திரும்பினார். அந்த நிலையத்தில் தண்ணீரைப் பிரித்துத்தான் பிராணவாயு எடுக்கின்றார்கள். மூத்திரத்தைச் சுத்தி செய்துதான் மறுபடியும் குடிக்கின்றார்கள். (பஞ்சகவ்வியம் குடிப்பவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம், இது சுத்தி செய்தது.) கனம் இல்லாமல் மிதப்பதால் மாதத்துக்குச் சுமார் 100க்கு ஒரு பங்கு எலும்பு கரைகின்றது. அதற்காகத் தினம் இரண்டு மணி நேரம் தேகப்பயிற்சி செய்கின்றார்கள். இதெல்லாம் கூலிக்காரன் கணக்குப் போல் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுச் செய்த காரியம். வரத்தால் வந்ததல்ல.

இனி, சந்திரனைப் பார்ப்போம். அங்கே காற்றில்லை. நம் கணக்கில் 14 நாள் பகல், 14 நாள் இரவு. 2023 ஆகஸ்டு 23ந்தேதி நம்முடைய சந்திரயான்-3 இறங்கிய இடத்தில், மேல் மண் கை வைக்க முடியாத சூடு. 8 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் உறைகின்ற குளிர். அந்த யந்திரங்களைப் பழக்குவதற்கு வேண்டிய மண் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களின் பாறையை இடித்து மாவாக்கி எடுத்தது. சந்திரபகவானுடைய திருமேனிக்கு நாமக்கல் பாறைதான் உறவு! இறங்கி மூன்று நாளைக்குள் அந்த இடத்துக்குப் பிரதமர் மோடி "சிவசக்தி" என்று பெயர் வைத்தார். அடுத்த மாதம் சந்திரனின் இரவு வந்தது. ஒரு பகலுக்கென்றே செய்யப்பட்ட யந்திரம் விடிந்த பிறகு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காது என்றுதான் விஞ்ஞானிகளும் பெரும்பாலும் எதிர்பார்த்தார்கள். சிவனும் சக்தியும் கூடி நின்றும் ஒரு பேட்டரியைச் சூடாக வைக்கவில்லை என்பதை மாத்திரம் குறித்துக்கொண்டு மேலே செல்லுகின்றோம்.

ஒருவனுக்குத் திடீரென்று பணம் வந்தால், "சுக்கிரதிசை அடித்துவிட்டது" என்கின்றோம். அந்தச் சுக்கிரனில் ஈயம் உருகி ஓடும். உஷ்ணம் சுமார் 460 டிகிரி. காற்றின் அழுத்தம் இங்குள்ளதைப் போல் சுமார் 90 மடங்கு. மேலே கந்தகத் திராவக மேகம். 1982ல் ருஷ்யாவின் வெனேரா 13 அங்கே இறங்கி 127 நிமிஷம் வேலை செய்ததே பெரிய சாதனையாகப் பேசப்படுகின்றது. குருப்பெயர்ச்சிக்குக் கூட்டங்கூடுகின்றார்களே, அந்த வியாழனில் கால் ஊன்றத் தரையே கிடையாது. சனியின் உபக்கிரகங்களில் என்செலடஸ் என்பது ஒன்று. பனிக்கட்டி ஓட்டுக்கு அடியிலிருந்து அங்கே தண்ணீர் பீறிட்டு அடிப்பதைக் காசினி என்னும் யந்திரம் 2005ல் கண்டது. இதை நாம் சற்றுப் பயத்தோடுதான் எழுதுகின்றோம். "பார்த்தீர்களா! வருணலிங்கத்துக்குச் சனியை வைத்த நம் முன்னோருக்கு அப்போதே தெரியும்" என்று நாளைக்கே ஒரு புத்தகம் போட்டுவிடுவார்கள். தெரிந்திருந்தால், 1781ல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸும், 1846ல் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூனும் நவக்கிரகத்தில் ஏன் இல்லை? உருவமே இல்லாத ராகுவும் கேதுவும் ஏன் இருக்கின்றன? சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்ளுகின்ற இரண்டு புள்ளிகளுக்குப் பாம்புத் தலை வைத்துப் பால் ஊற்றுகின்றார்கள். இத்தனைக்கும் திருவண்ணாமலைக்கு வடக்கே தெரிகின்ற அதே ஜவ்வாது மலைத் தொடரில்தான் காவலூர் வானாராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1977 மார்ச் 10ந்தேதி யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர் விஞ்ஞானிகளும் உண்டு. 1988ல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறு கிரகத்துக்கு ராமானுஜன் பெயர் இருக்கின்றது. எட்டு லிங்கத்துக்குப் போகின்ற கூட்டத்தில் நூற்றிலொரு பங்கு காவலூர்த் தொலைநோக்கியைப் போய்ப் பார்த்தால் ஜோசியர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும்.

நிற்க. செவ்வாய்க்கு வருவோம்.

செவ்வாய் பூமியின் விட்டத்தில் ஏறக்குறையப் பாதியே உள்ள ஒரு சிறு உலகம். சிவப்பாயிருப்பது கோபத்தினால் அல்ல, இரும்புத் துருவினால். ரத்தச் சிவப்பு, ஆகவே ரத்தம், ஆகவே புருஷன் சாவு என்று கோத்த ஜோசிய சாஸ்திரம், நம் வீட்டுத் துருப்பிடித்த ஜன்னல் கம்பியைப் பார்த்து எழுதிய சாஸ்திரமேயாகும். அங்கே காற்றின் அழுத்தம் பூமியில் இருப்பதில் 100க்கு ஒரு பங்குகூட இல்லை. இருப்பதும் பெரும்பாலும் கரியமில வாயு. சராசரி உஷ்ணம் உறைநிலைக்குக் கீழே சுமார் 60 டிகிரி. மண்ணில் விஷ உப்பு. பழைய காலத்தில் ஆறு ஓடிய தடம் இருக்கின்றது. துருவங்களில் பனிக்கட்டி இருக்கின்றது. புழுவோ பூச்சியோ புல்லோ கண்டவர் எவரும் இல்லை. 2021ல் இறங்கிய அமெரிக்க யந்திரத்தில் ஒரு பெட்டியை வைத்து, அந்தக் கரியமில வாயுவிலிருந்து பிராணவாயுவை எடுத்துப் பார்த்தார்கள். 2023 வரை 16 தடவை ஓட்டிக் கிடைத்தது 122 கிராம். ஒரு மனிதனுக்குச் சுமார் மூன்றரை மணி நேர மூச்சுக்குத்தான் காணும். அங்கே மனிதன் போவதென்றால், போக மாத்திரம் 6 மாதம் முதல் 9 மாதம். வழியெல்லாம் கதிர்வீச்சு, நடுவில் நின்று சோறு வாங்கச் சத்திரம் கிடையாது.

பழங்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமியாவது இருந்ததா? அந்த யந்திரம் ஒரு கல்லில் சில புள்ளிகளைக் கண்டது. 2025ல் அதைப்பற்றி வெளியான ஆராய்ச்சி, "உயிரின் அடையாளமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம்" என்கின்ற அளவோடு நின்றுவிட்டது. கோடி கோடியாகச் செலவு செய்து, அந்த இடத்திலேயே யந்திரத்தை நிறுத்திப் பார்த்தவர்கள் "இருக்கலாம்" என்கின்றார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினவன் மாத்திரம், அங்கிருந்து ஒரு சக்தி புறப்பட்டு வந்து இந்தத் தெருவில் இந்த வீட்டுப் பெண்ணின் தாலியை அறுக்கும் என்று "நிச்சயமாக"ச் சொல்லுகின்றான்!

என்ன சக்தி என்று கேட்டால், இந்தக் காலத்து ஜோசியர்கள் "ஈர்ப்புச் சக்தி" என்கின்றார்கள். விஞ்ஞான வார்த்தை ஒன்று கிடைத்துவிட்டதல்லவா? சரி. செவ்வாய் பூமிக்குக் கிட்ட வரும்போது சுமார் 5½ கோடி கிலோமீட்டர். எட்டப் போகும்போது சுமார் 40 கோடி கிலோமீட்டர். தூரம் 7 மடங்கு கூடினால் ஈர்ப்பு 49 மடங்கு குறையும். ஆகவே கிட்ட இருந்தபோது பிறந்த பெண்ணுக்குப் புருஷன் சாவதானால், எட்ட இருந்தபோது பிறந்த பெண்ணின் புருஷனுக்கு ஜலதோஷமாவது பிடிக்க வேண்டாமா? ஜாதகத்தில் தூரத்தைக் குறிக்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. செவ்வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பதே அதை எழுதினவனுக்குத் தெரியாது.

தோஷக் கணக்கையும் பார்ப்போம். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய கட்டங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். மொத்தக் கட்டம் 12. பன்னிரண்டில் ஐந்து, அதாவது 100 பேரில் 41, 42 பேர் பிறக்கும்போதே குற்றவாளிகள். இது போதாதென்று, சந்திரனிலிருந்தும் எண்ணு, சுக்கிரனிலிருந்தும் எண்ணு என்கின்றார்கள். மூன்று தடவை எண்ணினால், மூன்றிலும் தப்பிப் பிழைக்கின்றவர்கள் சுமாராக 100க்கு 20 பேர்தான். பாக்கி 80 பேருக்கும் ஏதோ ஒரு வழியில் தோஷம் உண்டு. 100க்கு 80 பெண்கள் புருஷனை விழுங்குவதானால் ஊர் நிலைக்குமா? அதற்காகத்தான் விலக்கு விதிகள்: சொந்த வீட்டில் இருந்தால் இல்லை, உச்சத்தில் இருந்தால் இல்லை, குரு பார்த்தால் இல்லை என்று ஒரு பட்டியல். எந்த விலக்கு யாருக்கு என்பது ஜோசியன் வாயில் இருக்கின்றது. ஊர் முழுவதற்கும் முதலில் வியாதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு மருந்துக்கடை வைக்கின்ற இந்த வியாபாரத்துக்கு முதல் போட வேண்டியதும் இல்லை.

செவ்வாயின் கோபத்தைச் சோதித்துப் பார்த்தாயும் விட்டது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சுப்பையா அருணன் தலைமையில் செய்யப்பட்ட மங்கள்யான், 2013 நவம்பர் 5ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அன்று என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை! "செவ்வாயோ வெறுவாயோ" என்று சொல்லி நம்மவர்கள் வெளியூர்கூடப் போகாத கிழமை. 2014 செப்டம்பர் 24ந்தேதி புதன்கிழமை காலை 7 மணி 17 நிமிஷத்துக்கு யந்திரத்தை முடுக்கிச் சுமார் 24 நிமிஷம் எரித்துச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்த்தார்கள். புதன்கிழமை எமகண்டம் ஏழரை மணிக்குத் தொடங்குகின்றதென்று எந்தக் காலண்டரிலும் பார்த்துக்கொள்ளலாம். எமகண்டத்தில் போய்ச் சேர்ந்த அந்த யந்திரம், 6 மாதத்துக்கென்று செய்யப்பட்டது, 2022 வரை உழைத்தது. செவ்வாய் பகவான் அதை ஒன்றும் செய்யவில்லை.

"விஞ்ஞானிகளே ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதி ஏழுமலையான் காலடியில் வைத்துக் கும்பிடுகின்றார்களே, நீங்கள் யார் கேட்க?" என்று நம்மைச் சிலர் மடக்குகின்றார்கள். கும்பிடுகின்றார்கள், உண்மைதான், அது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆனால் 2019லும் கும்பிட்டுத்தான் சந்திரயான்-2 போயிற்று. அதன் இறங்குகலம் செப்டம்பர் 7ந்தேதி சந்திரனில் மோதி நொறுங்கிற்று. 2023லும் கும்பிட்டுத்தான் சந்திரயான்-3 போயிற்று, இறங்கிற்று. இரண்டு தடவையும் சாமி அதே சாமி, பூஜை அதே பூஜை. எது மாறிற்று? கால்களைப் பலமாக்கினார்கள். எரிபொருளை அதிகமாக்கினார்கள். இறங்குமிடத்தை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலமாக விரித்தார்கள். எது எது கெட்டுப்போகக் கூடும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள். அந்த வேலைக்குத் தலைமை வகித்த வீரமுத்துவேல் திருவண்ணாமலைக்குப் பக்கத்து விழுப்புரத்துக்காரர். ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன். ரயில்வே பள்ளியில் படித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளமாவில் தொடங்கினவர். அவர் மூளைக்கும் அவர் தோழர்கள் உழைப்புக்கும் உரிய பேரைக் கொண்டுபோய் உண்டியலில் போடுவது எந்த ஊர் நியாயம்?

உயிருக்கே ஆபத்து வந்தபோது யாரைக் கேட்டார்கள் என்பதையும் திருவண்ணாமலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 டிசம்பர் 1ந்தேதி ஃபெங்கல் புயல் மழையில் அதே அண்ணாமலையின் சரிவில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் உருண்டு ஏழு பேர் புதைந்து மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தத் துக்கத்தை வைத்து வாதம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததைச் சொல்லித்தான் தீரவேண்டும். 13ந்தேதி தீபம். மலை தாங்குமா என்று பார்க்க மண்ணியல் வல்லுநர்களைத்தான் அழைத்தார்கள்; ஜோசியரை அழைக்கவில்லை. பக்தர்கள் மலை ஏறக் கூடாதென்று தடுத்தார்கள். சர்க்கார் செய்தது சரியான காரியம். சாமியின் மலைக்கே மண்ணியல்காரன் வேண்டுமானால், நம் வீட்டுப் பெண்ணின் வாழ்வுக்கு மாத்திரம் பஞ்சாங்கக்காரன் எதற்கு?

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். 1967ல் அண்ணா முதல் மந்திரியாயிருந்தபோது சட்டசபையில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையாவது மோதிரமாவது மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் கலியாணம் செல்லும். புரோகிதன் வேண்டியதில்லை, ஜாதகமும் வேண்டியதில்லை. "எங்களுக்கு நம்பிக்கையில்லை, மாப்பிள்ளை வீட்டார் கேட்கின்றார்கள்" என்பதும், மாப்பிள்ளை வீட்டார் "பெண் வீட்டார் கேட்கின்றார்கள்" என்பதும் நமக்குத் தெரியும். இரண்டு வீட்டாரும் நம்பாத ஒன்றுக்காக ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கின்றார்கள். ஜாதகத்தை முதலில் கேட்காமல் விடுகின்ற வீடு, ஆண் பிள்ளையைப் பெற்ற வீடாக இருக்கட்டும்.

கடைசியாக, திருவண்ணாமலையிலும் மற்ற ஊர்களிலும் உள்ள ஜோசியர்களை நாம் கேட்பது இதுதான். செவ்வாயின் தூரம் மாறும்போது தோஷம் ஏன் மாறுவதில்லை? யுரேனஸும் நெப்டியூனும் எந்தக் கட்டத்தில் இருந்தால் யார் சாவார்கள்? மனிதன் என்றைக்காவது செவ்வாயில் போய்க் குடியேறி அங்கே ஒரு பெண் குழந்தை பிறக்குமானால், அந்தக் குழந்தையின் ஜாதகத்தில் செவ்வாயை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? பூமி தோஷம் என்று ஒன்று புதிதாகக் கண்டுபிடிப்பீர்களா? பதில் எழுதுகின்றவர்கள் தாராளமாக எழுதலாம். ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம்.